கீழறைச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

என் மனைவிக்குக் காது மந்தமாகத் தொடங்கியபோது அவள் தபால் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வரிசையில் நிற்பவர்களை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னாள். பிறகு எழுதித் தரச் சொன்னாள். ஒரு நாள் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியிடம் அப்படிக் கேட்டுவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு எழுதத் தெரியாது. அவள் வரிசையை விட்டு விலகிப் போனதைப் பார்த்த பிறகு, என் மனைவி காலத்துக்கு முன்பே ஓய்வு கேட்டு விண்ணப்பித்தாள்.

வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் அவளுக்குப் பொழுது போனது சினிமாப் படங்களால்தான். காதுக் கருவி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டால் பாத்திரம் விழுவதும் ஆள் பேசுவதும் ஒன்றாகத்தான் கேட்கிறது என்றாள். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினால் வசனம் பிடிபட்டது. எவ்வளவு கூட்டினால் என்றால், சமையலறையில் நிற்கும் நான் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு.

பக்கத்து வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். அந்த வீட்டுக்காரரின் தகப்பனார் படுத்த படுக்கை. ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்று, அப்பாவால் தூங்க முடியவில்லை, கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா என்று மிகவும் தயங்கிக் கேட்டார். அவர் கேட்டது என்னிடம். ஆனால் உள்ளே இருந்த என் மனைவி அவர் உதட்டைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் டிவி பக்கமே போகவில்லை. நான் போட்டால் எழுந்து போய்விடுவாள்.

கீழறையைப் பற்றிய யோசனை அவளுடையது. பண்டாரவளையில் பாதி வீடுகள் சரிவில்தான் நிற்கின்றன. எங்கள் வீட்டு முன்வாசல் ரோட்டு மட்டத்தில் இருக்கும். பின்னால் நிலம் இறங்கிப் போகும். அந்த இறக்கத்தில், வீட்டுக்கு அடியில், மேட்டைக் குடைந்து ஓர் அறை கட்டியிருந்தார்கள். முன்பு இருந்தவர்கள் விதை உருளைக்கிழங்கு அடுக்கி வைத்த இடம். அகலம் ஏழடி, நீளம் பதினாறடி. கையை உயர்த்தினால் மேல்தட்டு இடிக்கும். மூன்று பக்கமும் மண். ஒரு முனையில் மட்டும் கதவு. ஜன்னல் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கூட்டிப்போய் நடுவில் நிற்க வைத்தாள். "இங்கன எவ்வளவு சத்தம் வச்சாலும் ஒருத்தருக்கும் தொந்தரவு இல்லைங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது. சரி என்றேன்.

நான் கணக்கு வாத்தியார். கட்டம் போட்ட தாளில் அறையை அளந்து வரைந்தேன். அவள் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, திரை எங்கே, நாற்காலி எங்கே, வயர் எந்தப் பக்கமாக வரும் என்று பென்சிலால் போட்டுப் போட்டு அழித்தாள். பதுளையில் டிவியும் ஸ்பீக்கரும் விற்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். எங்கள் பாடசாலை விழாக்களுக்கு ஒலிபெருக்கி கொடுப்பவர். அவரை வரச் சொன்னேன். அவர் உள்ளே வந்ததும் டேப்பை எடுக்கவில்லை. முதலில் கையைத் தட்டிப் பார்த்தார். ஏழடிக்கு நடுவில் அந்தச் சத்தம் இரண்டு சுவரிலும் மாறி மாறி அடித்துக்கொண்டு நின்றது.

நீளச் சுவரில் திரை வைக்க முடியாது, மூக்கு இடிக்கும். கதவுக்கு எதிரே உள்ள முனைச் சுவரில்தான் வைக்க வேண்டும் என்றார். புரொஜெக்டரை மேல்தட்டில் தொங்கவிட்டால் ஆள் எழுந்து நடந்தாலும் நிழல் விழாது. இவ்வளவு ஒடுக்கமான அறைக்கு இரண்டு ஸ்பீக்கரே அதிகம். சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தடித்த துணி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வசனம் குழம்பி அவளுக்கு ஒன்றும் விளங்காது. இதையெல்லாம் அவர் என் மனைவியின் முகத்துக்கு நேரே நின்று மெதுவாகச் சொன்னார். அதனால் அவருக்கு இரண்டு தடவை தேத்தண்ணீர் கிடைத்தது.

கிளம்பும்போது கதவைக் காட்டி என்னிடம் சொன்னார்: "இதுக்குச் சுத்திவர ரப்பர் அடிச்சிருவோம் சேர். உள்ள போடுற சத்தம் ஒரு பொட்டும் வெளிய போகாது. வெளிச் சத்தமும் உள்ள வராது. மழ கொட்டினாலும் ஒங்களுக்குத் தெரிய வராது."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நான் கதவை முழுவதுமாகத் திறந்து வைத்தேன்.

நான் பிறந்தது ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். லயத்துக்குப் பின்னால் நேர் செங்குத்தாக மேடு. அடைமழை நாட்களில் எங்கள் வீட்டில் ரேடியோ போடக் கூடாது. பேச்சையும் குறைத்துக்கொள்வோம். அப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருப்பார். கல் உருளுகிறதா, மரம் முறிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குப் பத்து வயதில் ஒரு நாள் அவர் எதையோ கேட்டு எழுந்து கத்தினார். பன்னிரண்டு குடும்பமும் மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். திரும்பி வந்து பார்த்தபோது கடைசி இரண்டு காம்பரா அறைகளுக்குள் கூரை வரை சேறு. ஒரு உயிரும் போகவில்லை. காது கேட்டதால் பிழைத்தோம். அவ்வளவுதான் எனக்கு அதில் விளங்கியது.

இப்போது நான், காது கேட்காத ஒருத்தியை, மழை கேட்காத ஓர் அறைக்குள், மண்ணுக்கு அடியில் உட்கார வைக்கப் படம் வரைந்து கொடுத்திருந்தேன்.

அவளிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் காதுதான் காரணம் என்று சொன்னது போல ஆகிவிடுமோ என்று பயந்தேன். பதிலாக ஈரம் என்றேன், பூஞ்சணம் என்றேன், கரண்ட் கசியும் என்றேன், பாம்பு வரும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஈரத்துக்குக் கொத்து வேலை பார்க்கும் மேசன் பாஸை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள்.

பாஸ் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர், நிதானமான மனிதர். உப்புப் பூத்த பழைய பூச்சைக் கொத்தி எடுத்தபோது நீளச் சுவரில் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் வெளிப்பட்டது. நகம் நுழையும் அகலம். பழைய விரிசலாகத்தான் தெரிகிறது, ஆனாலும் இந்த மழைக்காலம் முடியட்டும் என்றார். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு இடைவெளியைக் குறித்தார். பிறகு விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்காக வைத்து, இரண்டு நுனிகளையும் சிமெந்தால் ஒட்டினார். "செவுரு நடந்துச்சின்னா கண்ணாடி ஒடஞ்சிரும் சேர். ஒடையலன்னா பயமில்ல, வேலைய ஆரம்பிக்கலாம்" என்றார்.

அந்த மழைக்காலம் முழுவதும் நான் அந்தக் கண்ணாடியோடுதான் வாழ்ந்தேன். பாடசாலைக்குப் போகுமுன் டோர்ச் லைட்டோடு இறங்கிப் பார்ப்பேன். வந்ததும் சட்டை மாற்றாமல் பார்ப்பேன். வகுப்பில் கரும்பலகையில் கோணம் வரையும்போது கோடு விரிசல் போலப் போய்விடும். மூன்று நாள் விடாமல் பெய்த ஒரு வாரத்தில், எல்ல என்ற ஊருக்குப் போகும் ரோட்டில் மண் சரிந்து பஸ் நிற்கிறது என்றார்கள். அன்றைக்கு நான் ஏழு முறை இறங்கினேன். சுவர் வியர்த்திருந்தது. கண்ணாடியில் என் முகம் சின்னதாகத் தெரிந்தது. அது உடையவில்லை.

மனைவி இதற்குள் சுவருக்கான துணியே எடுத்துவிட்டாள். கரும்பச்சை நிறம். மடித்து அலமாரியில் வைத்து, அவ்வப்போது எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள்.

மழை விட்டது. பாஸ் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். சனிக்கிழமை காலை மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். நான் கடைசியாக ஒருமுறை பார்க்கத்தான் இறங்கினேன். கண்ணாடி அப்படியே இருந்தது. நாளைக்கு அவர் வந்து நல்லது என்பார், ரப்பர் அடித்துக் கதவை மூடுவார்கள் என்று நினைத்தேன். கிழங்குப் பெட்டி மேல் பாஸின் சின்னச் சுத்தியல் கிடந்தது. அதன் பிடியால் ஒரு தட்டு. பலமாகக்கூடத் தட்டவில்லை. சத்தம் வந்ததும், ஏதோ இன்னொருவர் செய்துவிட்டது போலக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அவள் வந்ததும் கூட்டிப்போய்க் காட்டினேன். டோர்ச்சை வாங்கி அவளே பார்த்தாள். "சரி, விடுங்க" என்றாள். மேலே போய் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து படத்தைப் பிய்த்தாள். கடைக்காரருக்கும் பாஸுக்கும் வர வேண்டாம் என்று செய்தி அனுப்பினாள். அதோடு முடிந்தது, கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் என்னைவிட நேராக யோசிப்பவள். கீழே சுவர் நகர்கிறது என்றால் மேலே வீடும் நகரும் அல்லவா? அன்று மத்தியானமே ஒரு பையில் வீட்டு உறுதிப் பத்திரம், அடையாள அட்டைகள், மருந்து எல்லாம் எடுத்து வைத்தாள். திங்கட்கிழமை கிராம சேவகரிடம் போய் எழுதிக் கொடுத்தாள். வரும் வழியில் பக்கத்து வீட்டுக்கும் போனாள். ஒரே மேட்டில் இரண்டு வீடும் இருக்கும்போது சொல்லாமல் இருக்கலாமா என்று என்னைக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் தகப்பனாரைப் பதுளையில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோக வேன் பேசினார். அந்த மனிதரைப் புரட்டிப் படுக்க வைக்கவே இரண்டு ஆள் வேண்டும். புதன்கிழமை அவர்கள் கட்டிலைக் கழற்றும் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. நான் வாழை மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு முறை வேலி வரை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்தேன். என் மனைவியோ எந்த நேரமும் ஓடத் தயாராக, செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். இத்தனை நாளும் என் நெஞ்சுக்குள் இருந்த பயத்தை எடுத்து மூன்று பேர் தலையில் வைத்துவிட்டேன் என்று தெரிந்தது.

வியாழக்கிழமை காலை, மண்சரிவு பற்றிப் பார்க்கும் அதிகாரி வந்தார். இளம் பெண். சிங்களத்தில் பேசினார். முதலில் வெளியே சுற்றி மேட்டைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், பிறகு கீழறைக்கு வந்தார். நானும் மனைவியும் பின்னால் நின்றோம். அவர் சுவரைப் பார்த்தபடி டோர்ச் அடித்தார். பென்சில் கோடுகளுக்கு நடுவே அளந்தார். உடைந்த கண்ணாடியின் மேல் வெகுநேரம் வெளிச்சத்தை வைத்திருந்தார்.

பிறகு திரும்பாமலே சொன்னார். சுவர் அசையவில்லை, இடைவெளி அப்படியே இருக்கிறது. அசைந்திருந்தால் கண்ணாடி விரிசலோடு ஒரே கோடாக உடைந்திருக்கும். இது ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் வெடித்திருக்கிறது. யாரோ எதையோ கொண்டு இடித்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

பிள்ளைகள் கொழும்பில் என்றேன்.

மனைவிக்கு அவர் முகம் தெரியவில்லை. என் கையைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கண்ணால் கேட்டாள். ஒரு கணம் ஓடிய யோசனையை மறைக்க விரும்பவில்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவளுக்குத் தெரியாது என்பதுதான் அந்த யோசனை. கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செவுரு நல்லா இருக்குதாம். கண்ணாடிய நான்தான் ஒடச்சேன்" என்றேன்.

அவள் மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ, மெதுவாக வெளியே போய்விட்டார்.

"எதுக்கு?" என்றாள்.

"நீ இதுக்குள்ள இருக்கும்போது மேல ஏதாச்சும் ஆனா, நான் கூப்புட்டா ஒனக்குக் கேக்காது."

"மேல இருந்தாலும் எனக்குக் கேக்காதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. பிறகு சொன்னாள்: "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லக் கூடாதா? ஒங்க பயத்துக்கு அந்தப் பெரியவர ஏங்க வேன்ல ஏத்தணும்?"

நாங்கள் இருவருமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனோம். வேன் அன்று பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பெரியவர் கூடத்தில் பாயில் கிடந்தார். தலைமாட்டில் அவருடைய துணி மூட்டை. நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். பாதியில் சொல் கிடைக்காமல் நின்றபோது மனைவி எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் முழுவதையும் கேட்டார். இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா அழுதுகொண்டிருக்கிறார் என்று மட்டும் சொன்னார். பிறகு வேன்காரருக்குத் தொலைபேசி எடுக்க உள்ளே போனார். கட்டிலைத் திரும்பப் பூட்ட நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கை காட்டினார். அதற்குப் பிறகு வெகுநாள் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி போகும்போது இரண்டு விஷயம் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு மேல் பக்கத்துக் கான் வாய்க்கால் மண் மூடிக் கிடக்கிறது, அதை வெட்டி மழைத் தண்ணீருக்கு வழி விட வேண்டும். எச்சரிக்கை கொடுக்கும் நாட்களில் கீழறையில் யாரும் இருக்கக் கூடாது. கானை நானே வெட்டினேன். பாஸ் உதவிக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கண்ணாடியை யார் உடைத்தது என்று அவருக்கும் சொல்லியிருந்தேன். அவர் சுத்தியலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் ஆயிற்று கான் வெட்ட. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்தன. மனைவி மருந்து பூசினாள், ஆனால் பேச்சு தேவைக்கு மட்டும்தான்.

ஒரு காலையில் குளிர்சாதனப் பெட்டியில் புதிய தாள் ஒட்டியிருந்தது. இந்த முறை அவளே வரைந்திருந்தாள். கதவுக்கு ரப்பர் இல்லை. அதன் மேல் பாதியில் கம்பி வலை. சத்தம் கொஞ்சம் வெளியே போகும், ஆனால் சரிவுப் பக்கம்தான் போகும், பக்கத்து வீட்டுக்குப் போகாது என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். திரைக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு, அதன் சுவிட்ச் சமையலறையில். துணி இரண்டு நீளச் சுவர்களுக்கு மட்டும், அதுவும் விரிசல் இருக்கும் இடத்தை மூடாமல். நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் இல்லை; ஒன்று முன்னால், ஒன்று கதவோரம். கதவோர நாற்காலிக்கு நேரே "இவர்" என்று போட்டிருந்தாள்.

கடைக்காரர் வந்து எல்லாவற்றையும் மாட்டினார். ரப்பர் அடிக்காததில் அவருக்கு வருத்தம்தான். முதல் படம் போட்டது வெயில் காய்ந்த ஒரு மாசி மாத மத்தியானம். அவள் முன் நாற்காலியில், கருவி போடாமல், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சத்தம் நெஞ்சில் இடித்தது. வசனம் வர வர அவள் உதடு கூடவே அசைந்தது. கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அரை மணி நேரம் இருந்தேன். வெளியே நல்ல வெயில் என்று கம்பி வலை வழியாகத் தெரிந்தும் கால் நிற்கவில்லை. எழுந்து மேலே போய் மேட்டைப் பார்த்தேன், கானைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் வருகிறதா என்று கேட்டேன். ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார்.

கீழே வந்து கதவைத் திறந்தபோது, வெளிச்சம் போய் விழுந்த திரையில் படம் அசையாமல் நின்றிருந்தது. நான் வரட்டும் என்று அவள் நிறுத்தி வைத்திருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. நான் கதவோரத்தில் உட்கார்ந்ததும், திரும்பிப் பார்க்காமலே, மறுபடி ஓடவிட்டாள்.